இடைச்செருகல் சாதனைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புள்ளியியல் துறை கூட்டிய கூட்டத்தில் ஓட்டப்பந்தயம் பற்றிப் பேசப்போகிறேன். இந்த அறக்கட்டளை ஓர் உடற்கல்வி ஆசிரியரின் நினைவாக அமைந்தது என்பது எனக்குக் கிடைத்த சாக்கு. இன்னொரு காரணமும் உண்டு. முப்பது வருடங்களுக்கு முன்னால் நான் செய்த ஒரு தவறுக்கு இன்னும் பதில் சொல்லி முடியவில்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டி. மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஓடுகளம். சுற்று எண்ணி மணி அடிக்கும் வேலை எனக்கு. மணி என்றால் மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு, கையில் ஓர் இரும்புக் கம்பி. அந்த வருடம் அமைப்பாளர் ஒருவர் புதுமையாக இருக்கட்டும் என்று 1000 மீட்டர் ஓட்டத்தைச் சேர்த்திருந்தார். 1000 மீட்டர் என்பது இரண்டரைச் சுற்று. முடிவுக் கோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் புறப்படுவார்கள். முதல்முறை முடிவுக் கோட்டைத் தாண்டும்போது ஓடியிருப்பது 200 மீட்டர்தான், இன்னும் இரண்டு சுற்று பாக்கி. 1500-க்கும் 800-க்கும் பழகிப்போன என் கை, அந்த முதல் வருகையிலேயே கம்பியை ஓங்கி அடித்துவிட்டது.

மணி கேட்டால் கடைசிச் சுற்று. ஓடுகிறவனுக்கு அது வேதவாக்கு. முன்னால் போன நான்கு பையன்களும் பறந்தார்கள். 600 மீட்டரில் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி, ஒருவன் புல்லில் மல்லாந்து படுத்தே விட்டான். நேரம் பார்ப்பவர்கள் மூன்று பேரும் பழக்கதோஷத்தில் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டார்கள். 1 நிமிடம் 28 விநாடி. பிறகு நடந்த கூச்சலை விட்டுவிடுகிறேன். முடிவுத்தாளை வைத்திருந்தவர் என்னிடம் வந்து, "சார், இதை எந்தக் கட்டத்துல எழுதுறது?" என்று கேட்டார். எழுதக் கட்டமில்லை. புல்லில் கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்து, திட்டுவான் என்று நான் பயந்துகொண்டிருக்க, வேறொன்று கேட்டான்: "சார், 600-க்கு உலக ரெக்கார்ட் என்ன சார்?"

தெரியவில்லை. அப்போது மட்டுமல்ல, அதற்குப் பின் பல வருடம்.

பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜானி கிரே 1986-இல் சான்டா மோனிகாவில் ஓடிய 1 நிமிடம் 12.81 விநாடி. (இனிமேல் இதை 1:12.81 என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.) ஆனால் அது 'ரெக்கார்ட்' இல்லை. உலகத் தடகள அமைப்பு 600 மீட்டருக்குச் சாதனைப் பட்டியல் வைத்துக்கொள்வதில்லை. 'உலகின் சிறந்த நேரம்' என்று ஒரு சலுகைப் பெயர், அவ்வளவுதான். 1000 மீட்டருக்கும் 2000 மீட்டருக்கும் பட்டியல் உண்டு, ஒலிம்பிக்கில் இடமில்லை. 1200 மீட்டருக்குப் பட்டியலும் இல்லை, தனிப் பந்தயமும் அநேகமாக இல்லை. அமெரிக்கர்கள் விரும்பும் ஒரு கலப்புத் தொடரோட்டத்தில் முதல் ஆளின் பங்காக மட்டும் அது உயிர்வாழ்கிறது.

நடுத்தூர ஓட்டத்தில் 800-க்கும் 1500-க்கும் நடுவிலும், 1500-க்கும் 3000-க்கும் நடுவிலும் இப்படிப் புறம்போக்கு நிலங்கள் கிடக்கின்றன. அங்கே யாராவது முழுமூச்சாக ஓடியிருந்தால் நேரம் என்னவாக இருந்திருக்கும்? இதுதான் இன்றைய கேள்வி. நமக்குத் தெரிந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தெரியாத ஒன்றைக் கணித்து வைப்பதற்குக் கணிதப் பாடநூலில் இடைச்செருகல் என்று பெயர். தமிழ்த்துறை நண்பர்கள் இந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு இடைச்செருகல் என்பது யாரோ பிற்காலத்தில் ஏட்டுக்குள் நுழைத்த பாட்டு, கண்டுபிடித்துத் தள்ளவேண்டியது. எனக்கு இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருப்பது பிடித்திருக்கிறது. நான் இன்று செருகப்போகும் எண்களையும் நீங்கள் அந்தப் பதிப்பாசிரியர் கண்ணோடுதான் பார்க்கவேண்டும்.

இந்த வேலையை முதலில் ஒழுங்காகச் செய்தவர் ஒரு மின்பொறியாளர். ஆர்தர் கென்னெலி. பம்பாயின் கொலாபாவில் பிறந்தவர், எடிசனிடம் வேலை பார்த்தவர், பிறகு ஹார்வர்டில் பேராசிரியர். வானொலி அலையைத் திருப்பி அனுப்பும் வளிமண்டல அடுக்குக்கு நெடுநாள் அவர் பெயரும் சேர்ந்து வழங்கியது. அவர் 1906-இல் குதிரைகளின் சாதனைகளையும் மனிதர்களின் சாதனைகளையும் எடுத்து மடக்கை வரைபடத்தில் குறித்தார். புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் வந்து நின்றன. தூரத்தின் 9/8 அடுக்காக நேரம் கூடுகிறது என்றார். அதாவது தூரம் இரட்டித்தால் நேரம் சுமார் 2.18 மடங்கு. குதிரைக்கும் அதே, மனிதனுக்கும் அதே.

இன்று கைப்பேசியில் ஓட்டச் செயலி வைத்திருப்பவர்கள், 'உங்கள் 5 கிலோமீட்டர் நேரம் இது, ஆகவே அரை மாரத்தான் இவ்வளவு' என்று அது சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது பீட்டர் ரீகல் என்ற இன்னொரு பொறியாளர் 1970-களில் வெளியிட்ட சூத்திரம். அடுக்கு 1.06. நெடுந்தூரத்துக்கு நல்ல சூத்திரம்தான். அதை அப்படியே 800 மீட்டர் உலகச் சாதனை மேல் வைத்து 1500-ஐக் கேட்டுப்பாருங்கள், 3:16.5 என்று சொல்லும். உண்மைச் சாதனை 3:26.00. ரீகல் மேல் குற்றமில்லை. மூன்றரை நிமிடத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களுக்குத்தான் அவர் உத்தரவாதம் கொடுத்தார். நாம்தான் அளவு பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொள்கிறோம்.

சரி, நாமே கணக்கிடுவோம். ஆண்கள் சாதனைகள் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். 200 மீட்டர், உசைன் போல்ட், 19.19. 400 மீட்டர், வேய்ட் வான் நீகெர்க், ரியோ ஒலிம்பிக், 43.03. 800 மீட்டர், டேவிட் ருடிஷா, லண்டன் ஒலிம்பிக், 1:40.91. 1500 மீட்டர், ஹிச்சாம் எல் குரூஜ், ரோம், 1998, 3:26.00. 3000 மீட்டர், யாகொப் இங்கெப்ரிக்ட்சன், போலந்தின் சிலேசியா, 2024, 7:17.55.

தூரம் இரட்டிக்கும்போது நேரம் எத்தனை மடங்காகிறது? 200-இலிருந்து 400-க்கு 2.24. 400-இலிருந்து 800-க்கு 2.35. 800-க்கும் 1500-க்கும் இடையில், இரட்டிப்புக்கு மாற்றிச் சொன்னால், 2.20. 1500-இலிருந்து 3000-க்கு 2.12. மேலே ஏறி, பிறகு இறங்குகிறது. கென்னெலியின் 2.18 நடுவில் எங்கோ சராசரியாக உட்கார்ந்திருக்கிறது. கோடு நேராக இல்லை, வளைகிறது என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது.

800-க்கும் 1500-க்கும் இடையே நேர்கோடு போட்டால் 1000 மீட்டருக்கு வரும் விடை 2:10.00. ஒரு நூறில் ஒரு பங்கு கூடக் குறையாமல் முழு எண். முதன்முதலில் இதைக் கணக்கிட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி அழகான எண் வந்தால் புள்ளியியல்காரன் சந்தேகப்படவேண்டும், சிலிர்க்கக்கூடாது. வளைந்த வில்லின் இரு முனையையும் இணைக்கும் நேர்கோட்டை நாம் நாண் என்கிறோம், வடிவியலிலும் அதே பெயர்தான். நாண் வில்லின் மேல் படுவதில்லை, உள்ளே தள்ளி நிற்கிறது. நாம் கணக்கிட்டது நாணை. மனிதர்கள் ஓடுவது வில்லின் மேல். இருபக்க அண்டைத் தூரங்களின் சரிவைக் கொண்டு வளைவைக் கணித்துச் சேர்த்தால், அரை சதவீதம் போல நேரம் கூடுகிறது. 2:10.6. அதுதான் நான் செருகும் எண்.

உண்மைச் சாதனை 2:11.96. கென்யாவின் நோவா ங்கெனி, இத்தாலியின் ரியெட்டி நகரம், 1999 செப்டம்பர் 5. வித்தியாசம் சுமார் 1.3 விநாடி. அந்த வேகத்தில் அது பத்து மீட்டர்.

ரியெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய இத்தாலியில் ஒரு சிறு நகரம். மொர்செலியின் மைல் சாதனை 1993-இல் அங்கே, டேனியல் கோமனின் 3000 மீட்டர் 1996-இல் அங்கே, ருடிஷாவின் 800 மீட்டர் 1:41.01-உம் 2010-இல் அங்கே. கோடை முடிந்து பெரிய பட்டங்கள் எல்லாம் பங்கு போட்ட பிறகு, ஓட்டக்காரர்கள் கால் சூட்டோடு அந்த ஊருக்கு வருவார்கள். அரிய தூரங்களின் சாதனை பெரும்பாலும் இப்படி ஒரு மாலைப்பொழுதில்தான் பிறக்கிறது. முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்க இரண்டு பேஸ்மேக்கர், நல்ல வானிலை, ஒரே ஒரு முயற்சி. காற்று அடித்தால் அந்த வருடத்துக்கு முடிந்தது கதை. இங்கிலாந்தின் ஸ்டீவ் கிராம் 1985-இல் மூன்றே வாரத்துக்குள் 1500, மைல், 2000 ஆகிய மூன்று உலகச் சாதனைகளை முறித்தார். அந்தச் சூட்டிலேயே கேட்ஸ்ஹெட்டில் 1000-ஐயும் முயன்றார். 2:12.88. அன்றைய சாதனைக்கு 0.70 விநாடி போதவில்லை.

என் முறை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறையப் பேர் ஓடிய ஓர் இடைத்தூரத்தில் சோதித்துப் பார்க்கலாம். மைல் இருக்கிறது, 1609.344 மீட்டர். 1976-இல் கெஜக் கணக்குத் தூரங்களின் உலகச் சாதனைகளைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது மைலை மட்டும் விட்டுவைத்தார்கள். ரோஜர் பேனிஸ்டர் 1954-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓடிய 3:59.4-க்குக் கிடைத்த மரியாதை என்று அதைச் சொல்வேன். இன்றும் பெரிய ஓட்டக்காரர்கள் மைலை ஆசையாக ஓடுகிறார்கள். என் வில் மைலுக்குச் சொல்வது 3:42.7. எல் குரூஜ் 1999-இல் ரோமில் ஓடியது 3:43.13. வித்தியாசம் 0.4 விநாடி. ஆக, கூட்டம் கூடிய இடத்தில் கணிப்பும் நிஜமும் தோளோடு தோள் உரசுகின்றன. அந்த ரோம் பந்தயத்தில் இரண்டாவதாக 3:43.40-இல் வந்தவர் யார் தெரியுமா? அதே ங்கெனி.

இப்போது 2000 மீட்டர். இது ஐந்து முழுச் சுற்று, மணி அடிப்பவனுக்குக் குழப்பமே இல்லாத தூரம். எல் குரூஜ் 1999 செப்டம்பர் 7-இல் பெர்லினில் 4:44.79 ஓடினார். ங்கெனியின் ரியெட்டி ஓட்டத்துக்கு இரண்டே நாள் பின்னால். அன்றைக்கு இருந்த சாதனைகளைக் கொண்டு வில் வளைத்தால் 4:43.6 என்று வரும். அதாவது அந்தச் சாதனையில் ஒரு விநாடிக்கு மேல் சதை இருந்தது. இருபத்துநான்கு வருடம் யாரும் அதைத் தொடவில்லை என்பதால் நாம் அதைப் பாறை என்று நினைத்துக்கொண்டோம். 2023 செப்டம்பர் 8-இல் பிரஸ்ஸல்ஸில் இங்கெப்ரிக்ட்சன் 4:43.13 ஓடியதும் சதை கரைந்துவிட்டது. 3000 சாதனையும் மாறிய பிறகு இன்றைய வில் சொல்வது 4:42.8. மைலில் எவ்வளவு இடைவெளியோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் இங்கும். 2000 மீட்டர் சாதனை பழையது என்பதால் கெட்டியானது இல்லை, சரியான ஆள் சரியான மாலையில் வராததால் நீண்டு கிடந்தது. 1000 மீட்டர் இன்னும் அப்படிக் கிடக்கிறது என்பது என் கட்சி.

கேள்வி நேரத்தில் நீங்கள் கேட்கப்போகும் எதிர்வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். என் வில்லின் ஒரு முனையில் ருடிஷா, மறுமுனையில் எல் குரூஜ். இருவரையும் ஒட்டவைத்து நான் ஓட வைத்திருக்கும் அந்த மனிதன் எந்தத் தாயும் பெறாத பிள்ளை. ருடிஷா 1500-க்கு ஆள் இல்லை, எல் குரூஜ் 800-க்கு ஆள் இல்லை. நியாயமான வாதம். ஆகவே ஒரே ஆளின் நேரங்களை எடுத்து, அவருக்கென்று ஒரு வில் செய்து பார்ப்போம்.

செபாஸ்டியன் கோ. இன்று உலகத் தடகள அமைப்பின் தலைவர். அன்று 800-இல் 1:41.73 (1981, ஃபிளாரன்ஸ்), 1500-இல் 3:29.77 (1986, மறுபடியும் ரியெட்டி). இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, முன்பு சொன்ன அதே வளைவைச் சேர்த்தால் 1000 மீட்டருக்கு 2:12.17 வருகிறது. அவர் 1981 ஜூலை 11-இல் ஆஸ்லோவில் உண்மையில் ஓடியது 2:12.18.

நூறில் ஒரு விநாடி. கைதட்டவேண்டாம். இரண்டு நேரங்களுக்கும் நடுவில் ஐந்து வருட இடைவெளி இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் அதிர்ஷ்டம். ஆனால் ஒன்று சொல்லலாம். கோ 800-ஐயும் 1500-ஐயும் ஒரே தீவிரத்தோடு ஓடியவர், இரண்டு முனையும் இறுக்கிக் கட்டப்பட்ட வில். அப்படிப்பட்டவரிடம் இடைச்செருகல் பொய் சொல்லவில்லை.

ங்கெனியிடம் சொல்கிறது. அவருடைய 1500 நேரம் 3:28.12, 800 நேரம் 1:44 சொச்சம். இந்த வில்லில் 1000 மீட்டருக்கு 2:14-ஐ ஒட்டித்தான் வரவேண்டும். மனிதர் 2:11.96 ஓடியிருக்கிறார். தன் கணக்கைத் தானே இரண்டு விநாடி முந்திவிட்டார்! இதில் 1000 மீட்டர் நேரம் பிழையில்லை, மின்னணுக் கடிகாரம் பிடித்தது. அப்படியானால் பிழை முனையில் இருக்கிறது. தலைகீழாகப் போட்டு, அவருடைய 1000-இலிருந்தும் 1500-இலிருந்தும் 800-ஐக் கணித்தால் 1:42-ஐ ஒட்டி வருகிறது. அவர் உடம்பில் அந்த ஓட்டம் இருந்தது, நல்ல 800 பந்தயம் ஒன்றில் அதை வெளியே எடுக்க வாய்ப்பு அமையவில்லை. ஏட்டில் இடைச்செருகல் என்று தள்ளப்பட்ட ஒரு பாடம், மூலத்தில் விழுந்த பிழையைத் திருத்தித் தருவது போல. அடுத்த வருடம் சிட்னி ஒலிம்பிக்கில் 1500-இன் கடைசி நேர்ப்பாதையில் அவர் எல் குரூஜைத் தாண்டித் தங்கம் வென்றபோது பலரும் வியந்தார்கள். ரியெட்டி நேரத்தைப் படித்திருந்தவர்கள் அவ்வளவு வியந்திருக்கமாட்டார்கள்.

1200 மீட்டரை வேகமாகக் கடந்துவிடுகிறேன். வில் சொல்வது 2:40.7. எல் குரூஜ் தன் 1500 சாதனை வேகத்தைச் சீராக வைத்திருந்தால் 1200-ஐ 2:44.8-இல் தாண்டியிருப்பார். 1500-இல் 300 மீட்டரைக் குறைத்தால் நான்கு விநாடி மிச்சம் என்பது நம்பத்தக்கதே. சரிபார்க்கப் பந்தயம் இல்லை என்பதால் விட்டுவிடலாம்.

600-க்கு வருகிறேன், என் பையனின் தூரம். நாண் 1:10.8 என்கிறது. ஜானி கிரேயின் நேரத்தைவிட இரண்டு விநாடி குறைவு. இதை நான் நம்பவில்லை. சற்றுமுன் சொன்ன மடங்குகளை நினைத்துப்பாருங்கள்: 2.24, 2.35, 2.20. 800-க்குக் கீழே வில் வளையும் திசையே மாறுகிறது. உடம்பு மூச்சை நம்பி ஓடுவதிலிருந்து கையிருப்பை நம்பி ஓடுவதற்கு மாறும் எல்லைக்கோடு அது. எந்தப் பக்கம் எவ்வளவு திருத்துவது என்று கணக்குக்குத் தெரியாது. வான் நீகெர்க்கையும் ருடிஷாவையும் ஒட்டுவது, எல் குரூஜை ஒட்டியதைவிடப் பெரிய அநியாயம். ருடிஷா 2016-இல் பர்மிங்ஹாமில் 600-ஐ ஓடியே பார்த்தார், 1:13.10. லண்டன் ஒலிம்பிக்கில் 800 சாதனை படைத்தபோது 600-ஐ 1:14.30-இல் தாண்டியவர் அவர். நின்றுவிடலாம் என்று தெரிந்தே ஓடியும் ஒன்றேகால் விநாடிக்குக் குறைவாகத்தான் மிச்சம் பிடிக்க முடிந்தது. இங்கே நான் செருகுவதற்கு எண் இல்லை, ஏட்டில் புள்ளி வைத்து விட்டுவிடுகிறேன்.

பெண்கள் 1000 மீட்டரைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. ரஷ்யாவின் ஸ்வெட்லானா மாஸ்டர்கோவா 1996 ஆகஸ்ட் 23-இல் பிரஸ்ஸல்ஸில் ஓடிய 2:28.98. அந்தக் கோடையில்தான் அட்லாண்டா ஒலிம்பிக்கில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கியிருந்தார். இன்றைய உலகச் சாதனைகளைக் கொண்டு வில் வளைத்தால் 2:26 வருகிறது. மூன்று விநாடி! இவ்வளவு மென்மையான சாதனையா என்று பாய்ந்துவிடாதீர்கள். இடது முனையைப் பாருங்கள். யார்மிலா கிராட்டோக்விலோவா 1983-இல் மியூனிக்கில் ஓடிய 1:53.28. நாற்பது வருடத்துக்கு மேலாக எவரும் எட்டாத நேரம், அந்தக் காலத்தைப் பற்றி என்னென்னவோ பேசப்படும் நேரம். வலது முனை ஃபெய்த் கிப்யெகோனின் 3:48.68, 2025-இல் யூஜீனில் ஓடியது. இரண்டு யுகங்களை ஒரே நாணால் கட்டிவிட்டு மூன்று விநாடி குறைகிறது என்று நான் புகார் செய்தால் அது கணக்கின் குற்றமில்லை, கட்டியவன் குற்றம்.

ஆகவே கோவுக்குச் செய்ததையே கிப்யெகோனுக்கும் செய்து பார்த்தேன். அவருடைய 800 நேரம் 1:57.68, 1500 நேரம் 3:48.68. வெறும் நாண் தரும் விடை 2:28.98, மாஸ்டர்கோவாவின் நேரமேதான், நூறில் ஒரு பங்கு மாறாமல். காகிதத்தைத் திருப்பிப் போட்டு மறுபடியும் கணக்கிட்டேன், அதே விடை. வளைவைச் சேர்த்தால் 2:29.7. 2020-இல் மொனாக்கோவில் கிப்யெகோன் அந்தத் தூரத்தை ஓடிப் பார்த்திருக்கிறார், 2:29.15. 2025 ஏப்ரலில் சீனத்தின் சியாமெனில், சாதனைக்கென்றே, மறுபடியும் ஓடினார். 2:29.21. நாணுக்கும் வில்லுக்கும் நடுவில், இரண்டு முறையும்.

நேரம் கடந்துவிட்டது, கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த முறை மணியை அவர் அடிக்கட்டும்.